விருந்தாளி நலம்

பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் மாமாவும் இங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம். நீயும் பாப்பாவும் சௌக்கியம்தானே? முக்கியமாக, நம் விருந்தாளி எப்படி இருக்கிறான்?

நேற்றோடு மூன்று வருஷம். உனக்கு நினைவிருந்ததோ என்னவோ. குளித்துவிட்டு வரும்போது தழும்பு லேசாக அரித்தது, எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. உன் மாமாவிடம், "மூணு வருஷம் ஆச்சுங்க" என்றேன். "என்னத்துக்கு?" என்றார். "என் இடது கிட்னி தம்பிகிட்ட குடிபோய்." பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே, "போனவன் லெட்டர் போடறானா?" என்று கேட்டார். "மாசா மாசம் போடறான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஆபரேஷன் அன்று பக்கத்துப் பக்கத்து ஸ்ட்ரெச்சர் வண்டியில் படுத்திருந்தபோது நான் உன்னிடம் கேட்டது அது ஒன்றுதானே. மாதம் ஒரு கடிதம், அதில் மூன்று விவரம். விருந்தாளியை உடம்பு துரத்தாமலிருக்கும் மாத்திரையைத் தவறாமல் போட்டாயா, தண்ணீர் எவ்வளவு குடித்தாய், கிட்னி சோர்ந்தால் ஏறும் அந்தக் கிரியேட்டினின் லேபில் எவ்வளவு வந்தது. போனில் என்றால் நீ சிரித்தே பேச்சை மாற்றிவிடுவாய். எழுதும்போது மனிதன் கொஞ்சம் யோசிக்கிறான்.

தையல் கூடத்தில் என்னைத் துணி வெட்டும் மேசையிலிருந்து பொத்தான் பிரிவுக்கு மாற்றியாகிவிட்டது. உட்கார்ந்த இடத்திலேயே வேலை, ராணி மாதிரி. பள்ளிக்கூடச் சட்டை ஒன்றுக்கு ஏழு பொத்தான். எனக்கும் ஐம்பத்து நான்கு ஆகிறது, நின்றுகொண்டு யாரை ஜெயிக்கப் போகிறேன்.

தினமும் காலையில் மைதானத்தை ஐந்து சுற்று சுற்றுகிறோம். உன் மாமா இரண்டாவது சுற்றிலேயே பெஞ்சைப் பார்க்கிறார். நான் விடுவதில்லை.

விருந்தாளியைப் பட்டினி போடாதே. தண்ணீர் கொடு.

உன் அக்கா


பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நான், பாப்பா, விருந்தாளி, மூன்று பேரும் அமோகமாக இருக்கிறோம். நீயும் மாமாவும் அப்படியே இருக்க வேண்டும்.

மூன்று வருஷம் எனக்கு மறக்குமா? மறந்தால் நான் மனிதனே இல்லை.

முதலில் கணக்கை ஒப்பித்துவிடுகிறேன். மாத்திரை காலை எட்டுக்கு ஒன்று, மாலை எட்டுக்கு ஒன்று, பள்ளிக்கூட மணி மாதிரி. தண்ணீர் மூன்று லிட்டர். கிரியேட்டினின் 1.2. டாக்டர் பார்த்துவிட்டு, "உங்களை மாதிரி எல்லாரும் இருந்தா நான் கடையைச் சாத்திட்டு வீட்டுக்குப் போயிடலாம்" என்றார்.

போன வாரம் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தில் லிஃப்ட் மாட்டிக்கொண்டது. உள்ளே நாலு பேர். எல்லாரும் ஐந்தாவது மாடியிலிருக்கிற உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள். ஓடுவதற்கு மேலே போக வேண்டும், ஆனால் மேலே போக நடக்க முடியாது. நான் படியேறிப் போய்க் கதவைத் திறந்து இறக்கிவிட்டேன். அதில் ஒருத்தர், "உங்களுக்கு மூச்சே வாங்கலையே" என்றார். சட்டையைத் தூக்கிக் காட்டி, உள்ளே இருப்பது என் அக்கா என்று சொல்லலாமா என்றிருந்தது.

சிகரெட் பக்கமே போவதில்லை. யாராவது பற்றவைத்தால் எழுந்து போய்விடுகிறேன். முதுகுவலிக்கு முன்னே கண்டபடி விழுங்கின வலி மாத்திரையையும் தொடுவதில்லை. அதனால்தானே என் சொந்தக் கிட்னி இரண்டும் போயின.

ராணி வேலை கிடைத்ததற்கு வாழ்த்து. மாமாவை பெஞ்சில் உட்காரவிடு, பாவம்.

அன்புத் தம்பி


மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இரண்டு தடவை படித்தேன். லிஃப்ட் கதையைக் கூடத்தில் சொன்னேன், பொத்தான் டப்பா கவிழும் அளவுக்குச் சிரித்தார்கள். நாங்கள் நலம். மாமாவுக்கு மட்டும் லேசான சளி.

உன் எண்களைச் சமையலறைக் காலண்டரில் எழுதிவைப்பது என் வழக்கம். நேற்றுப் பழைய காலண்டரையும் எடுத்துப் பார்த்தேன். நவம்பரில் 1.2. டிசம்பரில் 1.2. ஜனவரி, பிப்ரவரி இரண்டிலும் அதேதான். என்னிடம் தங்கிப்போன ஒற்றை ஆளே ஒரு மாதம் 0.9, ஒரு மாதம் 1.1 என்று ஆடுகிறான். உன்னிடம் வந்தவன் இத்தனை ஒழுங்காக இருக்கிறானே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை லேப் சீட்டை ஒரு நகல் எடுத்துக் கடிதத்தோடு வை. சந்தேகம் என்று நினைக்காதே. பார்க்க ஓர் ஆசை, அவ்வளவுதான்.

சிகரெட்டைப் பற்றி நான் கேட்கவில்லை. நீயாகவே சொன்னது சந்தோஷம்.

பாப்பாவுக்கு வேலை ஏதாவது அமைந்ததா? அவளுக்கு என் முத்தம். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்கு அத்தை முத்தம் பிடிக்காது, இருந்தாலும் கொடு.

அக்கா


மே 2

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. இங்கே அனைவரும் நலம். மாமாவின் சளி போயிற்றா?

மார்ச்சிலிருந்து வேலை கழுத்தை நெரிக்கிறது. ஒரு பெரிய அங்காடியில் ஆறு லிஃப்டுக்கும் கம்பி மாற்றுகிறோம். உட்கார நேரமில்லை. பேனா எடுத்தால் தூக்கம் வருகிறது.

பாப்பாவுக்கு மழலையர் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்துவிட்டது. முப்பது குழந்தைகளை மேய்த்துவிட்டு வந்து, மீதி அதிகாரத்தை என்மேல் செலுத்துகிறாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் என் வாரத்து மாத்திரைகளை டப்பாவில் நிரப்பித் தருவது அவள்தான்.

லேப் சீட்டு டாக்டர் கோப்பிலேயே தங்கிவிட்டது. அடுத்த முறை கட்டாயம் வாங்கி அனுப்புகிறேன். எண் பழைய எண்தான்.

நாள் முழுக்க நிற்பதால் செருப்பு பிடிக்கிறது. ஒரு அளவு பெரிதாக வாங்கினேன். கடைக்காரர், "இந்த வயசுல கால் வளருதா சார்?" என்று கேட்டார்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை.

தம்பி


மே 8

தம்பிக்கு,

கால் வீங்குகிறதா?

நாளைக் காலையிலேயே லேபுக்குப் போ. வேலை எங்கேயும் ஓடிப்போகாது. சீட்டை அன்றே அனுப்பு.

அக்கா


ஜூலை 1

அன்புள்ள அத்தைக்கு,

பாப்பா எழுதுகிறேன். நீங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். உங்கள் மே மாதக் கடிதத்துக்கு அப்பா பதில் போடவில்லை என்று எனக்கு நேற்றுத்தான் தெரியும். அது அவர் சட்டைப்பையில் மடித்தபடி இருந்தது.

அப்பா ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். இப்போது வீட்டில் இருக்கிறார். பயப்படாதீர்கள் என்று எழுத ஆசை. எழுத முடியவில்லை.

வேலையிடத்தில் மூன்றாவது மாடி ஏறும்போது மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டாராம். கூட வேலை செய்கிறவர்கள் கொண்டுவந்து சேர்த்தார்கள். முகமே தெரியாமல் வீங்கியிருந்தது. கிரியேட்டினின் 4.6. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மாத்திரையை நிறுத்தினாரா?" என்று கேட்டார். "இல்ல டாக்டர், நானே டப்பாவில நிரப்பித் தரேன், காலியாத்தான் திரும்பி வருது" என்றேன். அவர் என்னையே பார்த்தார். எனக்கு அப்போதும் புரியவில்லை.

மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்தபோது அப்பாவின் கருவிப் பையைத் தூக்கி ஓரமாக வைத்தேன். அடியில் ஒரு தகர டப்பா. திருகாணி போட்டுவைக்கிற டப்பா. திறந்தால் திருகாணிகளோடு கலந்து மாத்திரைகள். எல்லாம் மாலை வேளை மாத்திரை. நூற்றுப் பன்னிரண்டு வரை எண்ணினேன். அதற்கு மேல் எண்ணவில்லை. கடைசியாக லேபுக்குப் போனது அக்டோபரில் என்று அங்கே சொன்னார்கள்.

அத்தை, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம். நான் என்னுடையதைக் கொடுக்கலாம் என்றிருக்கிறேன். இரத்த வகை ஒன்றுதான். அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா போய்ப் பதினோரு வருஷமாகிறது. நீங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். வலிக்குமா அத்தை? பிறகு முன்போல இருக்க முடிகிறதா? நீங்கள் சொன்னால் நம்புவேன்.

உங்கள் பாப்பா


ஜூலை 9

மச்சானுக்கு,

மாமா எழுதுவது. நான் கடிதம் எழுதி நீ பார்த்திருக்கமாட்டாய். உடம்பு இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொள்கிறேன்.

நான் எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது. பாப்பாவின் கடிதம் வந்து மூன்று நாளாக அவள் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. காலையில் மைதானத்துக்கு மட்டும் போகிறாள். அழுதால்கூடத் தேவலை.

சில விஷயம் நீ தெரிந்துகொள்ள வேண்டும். பொத்தான் பிரிவுக்கு அவளாக ஆசைப்பட்டுப் போகவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு துணிச்சுருளைத் தூக்கினால் அந்தப் பக்கம் சுண்டி இழுக்கும். மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினாள். ஜனவரியில் ஒரு நாள் சுருளோடு கீழே விழுந்தாள். மறுநாளே மாற்றிவிட்டார்கள். பதினாறு பேருக்குத் தலைவியாக இருந்தவள், இப்போது நேற்று வந்த பெண்களோடு உட்கார்ந்து பொத்தான் தைக்கிறாள். இதை உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். மீறிவிட்டேன்.

இன்னொன்று. பாப்பா தன்னுடையதை உனக்குக் கொடுக்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறாள். அதையும் மீறுகிறேன்.

என்ன செய்ய வேண்டும் என்று உனக்குச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் செய்ய வேண்டியவன் நீதான்.

மாமா


ஜூலை 29

அக்கா,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை. கேட்காமல் தொடங்கவும் தெரியவில்லை. இது ஆறாவது தாள். முதல் ஐந்தையும் கிழித்துவிட்டேன். அவற்றில் ஏதோ ஓர் இடத்தில் நான் நல்லவனாகிக்கொண்டே இருந்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். மாத்திரையால் எனக்குக் கை நடுங்கும். முதலிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். முதல் வருஷம் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் மோட்டார் அறையில் சின்னத் திருகாணி ஒன்றை மாட்ட முடியாமல் நாலு தடவை கீழே போட்டேன். கூட இருந்தவன், "என்னண்ணே, காலையிலேயே போட்டுட்டீங்களா?" என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று மாலை மாத்திரையைப் போடவில்லை. மறுநாள் கை கொஞ்சம் நின்றமாதிரி இருந்தது. நின்றதோ, நானே நினைத்துக்கொண்டேனோ.

இதைக் காரணம் என்று சொல்லவில்லை. டாக்டரிடம் போய் நடுங்குகிறது என்று சொல்லியிருந்தால் அளவை மாற்றிக் கொடுத்திருப்பார். இப்போது மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஐந்து நிமிஷப் பேச்சு.

மாத்திரை இல்லாத மாலை எனக்குப் பிடித்துப்போயிற்று அக்கா. அதுதான் உண்மை. வேலை முடிந்து எல்லாரோடும் உட்கார்ந்தேன். முதலில் டீ. பிறகு ஒரு சிகரெட், யாரோ நீட்டியது. பிறகு நானே வாங்கினேன். வாரத்துக்கு இரண்டு நாள் குடித்தேன். பொரித்ததும் உப்புமாகத் தின்றேன். கட்டடத்தில் கழிப்பறை தேடி அலைய வேண்டுமே என்று தண்ணீரைக் குறைத்தேன். முதுகு வலித்தபோது பழைய வலி மாத்திரையைப் போட்டேன். ஒவ்வொன்றும் சின்னதாகத்தான் இருந்தது. நாளைக்குச் சரிசெய்துகொள்ளலாம் என்கிற அளவு சின்னது. நோயாளி இல்லாத ஒருத்தனாக இரண்டு மணி நேரம் இருக்க ஆசைப்பட்டேன். அந்த இரண்டு மணி நேரத்தை உன்னிடமிருந்து எடுத்துச் செலவழித்தேன்.

மாத்திரைகளைக் குப்பையில் போட மனம் வரவில்லை. திருகாணி டப்பாவில் போட்டேன். வீணாக்கவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள அது உதவியது.

அக்டோபரில் லேபில் 1.7 வந்தது. வாசற்படியில் சீட்டோடு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து உனக்கு 1.2 என்று எழுதினேன். பழைய சீட்டிலிருந்த எண். எழுதினதும் நிம்மதியாக இருந்தது, அதைத்தான் என்னால் இன்னும் தாங்க முடியவில்லை. அதற்குப் பிறகு லேபுக்கே போகவில்லை. டாக்டர் கடையைச் சாத்துவேன் என்று சொன்னதும் பொய். அவரை நான் பார்க்கவேயில்லை.

மருத்துவமனையில் அவர் கேட்டார், "ஏன் போடலை?" "மறந்துட்டேன் டாக்டர்" என்றேன். "நூத்துப் பன்னண்டு தடவையா?" பாப்பா பக்கத்தில் நின்றிருந்தாள். நான் சுவரைப் பார்த்தேன்.

மாமா கடிதம் வந்தது. நீ அவரைக் கோபிக்காதே. பாப்பாவை உட்காரவைத்துக் கேட்டேன். "எனக்கு முடிவெடுக்கத் தெரியும்பா" என்றாள். "தெரியும். எனக்குத்தான் தெரியலை. உன்னோடதை நான் வாங்கமாட்டேன்" என்றேன். "ஏன்?" என்றாள். "அதையும் என்ன பண்ணுவேன்னு எனக்கு நிச்சயமில்லை" என்றேன். ஒரு தகப்பன் மகளிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? ஆனால் ஆறு தாளிலும் சேர்த்து நான் சொன்ன ஒரே சுத்தமான உண்மை அதுதான். அவள் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். மறுநாள் டாக்டரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன், அவளைப் பரிசோதிக்க வேண்டாம் என்று.

நீ துணிச்சுருளோடு விழுந்த அந்த ஜனவரியில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். நினைவில் ஒன்றுமே இல்லை.

இப்போது 4.1. இருப்பதை வைத்து எவ்வளவு நாள் ஓட்ட முடியுமோ ஓட்டலாம், பிறகு டயாலிசிஸ் என்கிறார் டாக்டர்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் நீ கொடுத்துவிடுவாய். நீ கொடுத்ததை நான் என்ன செய்தேன் என்பதுதான் தெரிந்துவிட்டதே.

தம்பி


ஆகஸ்ட் 31

அக்கா,

நீயும் மாமாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எதிர்பார்த்தேன், ஆனால் எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

மாத்திரை தவறவில்லை. தண்ணீர் இப்போது டாக்டர் சொன்ன அளவுதான், ஒன்றரை லிட்டர். சிகரெட் இரண்டு, பன்னிரண்டாம் தேதி, பாப்பா பள்ளிக்குப் போன பிறகு. கிரியேட்டினின் 4.3. லேப் சீட்டு உள்ளே இருக்கிறது. நகல் இல்லை, அசல்.

தம்பி


செப்டம்பர் 30

அக்கா,

நலமாக இரு.

மாத்திரை ஒரு நாள் நாற்பது நிமிஷம் தாமதம். சிகரெட் இல்லை. உப்பில்லாமல் சாப்பிடப் பழகவில்லை, சாப்பிடுகிறேன். கிரியேட்டினின் 4.8. ஒழுங்காக இருந்தும் ஏறுகிறது. முன்னே ஒழுங்காக இல்லாதபோது நான் பார்க்கவில்லை, அதனால் ஏறவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாடிப்படி முடியவில்லை என்று கிடங்கில் உட்காரவைத்துவிட்டார்கள். உதிரிப் பாகங்களுக்குச் சீட்டு எழுதுகிறேன். காலையில் பூங்காவரை நடக்கிறேன். போய்வர முப்பது நிமிஷம் ஆகிறது. உன் வேகத்தில் பத்து நிமிஷம்.

சீட்டு உள்ளே.

தம்பி


நவம்பர் 12

தம்பிக்கு,

நீ எல்லாவற்றையும் எழுதி மூன்று மாதத்துக்கு மேலாயிற்று. உன் மூன்று கடிதங்களும் வந்தன. அக்டோபரில் நீ வெறும் சீட்டை மட்டும் அனுப்பியதும் வந்தது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். மாமா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

மன்னித்துவிட்டேன் என்று எழுதத்தான் இத்தனை நாள் காத்திருந்தேன். அது வரவில்லை. வராததை எழுத முடியாது, இல்லாத எண்ணை எழுதி நீ பட்ட பாட்டைப் பார்த்த பிறகு. வேலையில் பொத்தானை அழுத்தித் தைத்து இரண்டு ஊசி உடைத்தேன். அவ்வளவு கோபம். தெருவில் யாராவது புகைவிட்டுக்கொண்டு போனால் பின்னாலேயே போய் அடிக்கலாமா என்றிருந்தது.

ஆனால் நானும் ஒன்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியும். மார்ச்சில் காலண்டரைப் பார்த்தபோதே தெரிந்துவிட்டது. எந்த உடம்பிலும் எண் நாலு மாதம் அசையாமல் நிற்காது. அன்றே ஒரு பஸ் ஏறி வந்திருக்கலாம். ஆறு மணி நேரப் பயணம்தான். வரவில்லை. சீட்டை அனுப்பு என்று நாசூக்காக ஒரு வரி எழுதிவிட்டுப் பேசாமல் இருந்தேன். வந்து கேட்டால் நீ உண்மையைச் சொல்லிவிடுவாய் என்று பயம். கூடத்தில் அத்தனை பேரிடமும் என் தம்பி, என் கிட்னி, 1.2 என்று சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். அந்தப் பெருமையை விட எனக்கு மனமில்லை. மார்ச்சுக்கும் ஜூனுக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தது தம்பி. அந்த மூன்று மாதம் எதையாவது காப்பாற்றியிருக்குமா என்று நான் எந்த டாக்டரிடமும் கேட்கப் போவதில்லை.

பாப்பாவுக்கு இன்னும் பதில் எழுதவில்லை. வலிக்குமா அத்தை என்று கேட்டிருந்தாள். வலிக்காது என்று எழுதினால் அவளைப் பிடித்துத் தள்ளுகிறேன். வலிக்கும் என்று எழுதினால் உன்னைத் தள்ளுகிறேன். நீ டாக்டரிடம் போய் வேண்டாம் என்று சொன்னதாக எழுதியதைப் படித்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. நீ பிழைக்க வேண்டும் என்று நினைப்பதற்கு முன்னால் அவள் தப்பித்தாள் என்று நினைத்துவிட்டேன்.

இனி எனக்கு எண் அனுப்பாதே. கொடுத்தவள் நான், அதனால் காவல்காரியும் நான்தான் என்று நினைத்திருந்தேன். நீயும் எனக்குக் கணக்குக் காட்டினால் போதும், உடம்புக்குக் காட்ட வேண்டியதில்லை என்று நினைத்துவிட்டாய். மூன்று வருஷமாக அது உன் உடம்பு. எண்ணை நீயே எழுதிவைத்து நீயே பார்.

கடிதம் எழுது. வேறு ஏதாவது எழுது.

அக்கா


டிசம்பர் 6

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று பாப்பா அதை வாங்கிப் படித்துவிட்டு, "அத்தை இப்பதான் நிஜமா எழுதியிருக்காங்க" என்றாள். மாமாவுக்கு என் வணக்கம். குளிர் வந்துவிட்டது, இரண்டு பேரும் காலையில் காதை மூடிக்கொண்டு நடங்கள்.

மார்ச்சைப் பற்றி நீ எழுதியதற்கு ஒன்றே ஒன்றுதான் சொல்வேன். அதை உன் தலையில் ஏற்றிக்கொள்ளாதே. நீ வந்திருந்தாலும் நான் சிரித்து மழுப்பி உன்னைப் பஸ் ஏற்றி அனுப்பியிருப்பேன். எனக்கு என்னைத் தெரியும்.

எண் எழுத வேண்டாம் என்றாய், எழுதவில்லை. நேற்று டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை மட்டும் சொல்ல வேண்டும். வாரம் மூன்று நாள், நாலு நாலு மணி நேரம். மாடிக் கூடத்தில் வரிசையாகப் பன்னிரண்டு நாற்காலி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஓர் இயந்திரம். என் பக்கத்து நாற்காலிக்காரர் ஓய்வுபெற்ற தபால்காரர். நாற்பது வருஷம் நடந்தே வேலை பார்த்தவர். "நான் எந்தத் தப்பும் பண்ணலை தம்பி, எப்படி வந்துச்சுன்னே தெரியலை" என்றார். "நீங்க?" என்று கேட்டார். அங்கே இருக்கிற பாதிப்பேர் அப்படித்தான், ஒன்றும் செய்யாமலே வந்து மாட்டிக்கொண்டவர்கள். புதுக் கிட்னிக்காகப் பெயர் எழுதிவைத்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள். என்னால் தலையைத் தூக்க முடியவில்லை. ஆனால் பொய் சொல்லவில்லை. "எங்கக்கா ஒண்ணு கொடுத்தாங்க. நான் பார்த்துக்கலை" என்றேன். அவர் கையிலிருந்த செய்தித்தாளில் பாதியை எடுத்து என் மடியில் வைத்தார். அதை ஏன் செய்தார் என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

தொடங்குவதற்கு முன்னால் கீழே அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். உறவில் கிட்னி கொடுக்கத் தயாராக இருப்பவர்கள் யார் என்று ஒரு கேள்வி. பாப்பா பக்கத்திலேயே நின்றாள். இல்லை என்று எழுதினேன். அவள் அதைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள். கடைசிப் பக்கத்தில் நோயாளி கையெழுத்து என்று ஓர் இடம். போட்டேன். அதற்குக் கீழே பொறுப்பேற்பவர் கையெழுத்து என்று இன்னோர் இடம். அதிலும் நானே போட்டுவிட்டேன்.

குமாஸ்தா அம்மா படிவத்தைத் திருப்பித் தள்ளினார். "சார், இதுல வேற ஆள் போடணும்."

"என் உடம்புக்கு நான்தானேம்மா பொறுப்பு?"

"அதெல்லாம் சரி சார். உங்களுக்கு நினைவு தப்பிட்டா நாங்க யாரைக் கூப்பிடறது?"

பின்னால் ஆள்கள் நின்றிருந்தார்கள். பாப்பா என் கையிலிருந்து பேனாவை எடுத்தாள். "தள்ளிக்கோங்கப்பா" என்றாள். என் கையெழுத்தை அடித்துவிட்டு, பக்கத்திலிருந்த குறுகலான இடத்தில் எழுத்தைச் சுருக்கித் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகு படிக்கட்டைப் பார்த்தாள். இரண்டு மாடிதான். லிஃப்டுக்கு முன்னால் கூட்டம் நின்றது. "ஏறுவீங்களா?" என்று கேட்டாள். ஏறுவேன் என்றேன். அவள் எனக்கு ஒரு படி பின்னாலேயே வந்தாள்.

அன்புடன்
தம்பி